குடியாத வெறி

ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குப் போகிற வழியில் போட் எஞ்சின் திருத்துகிற பஸ்ரியாம்பிள்ளை, ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் ஒரு சொட்டுக் கள்ளைக்கூட வாயில் வைத்தவர் அல்ல. ஆனால் ஊரில் யாரிடம் விசாரித்தாலும், "வெறிக்குட்டி பஸ்ரியானோ? அந்தா, அந்தத் தகரக் கொட்டில்தான்" என்று கை நீட்டுவார்கள். அவர் குடிப்பதில்லை என்று நம்பிய ஒரே ஆள் மனைவி மேரிஜோசப்பின். அவவும் சும்மா நம்பிவிடவில்லை. கலியாணம் கட்டின புதிதில் மூன்று மாதம், அவர் படலையைத் திறந்து உள்ளே வந்ததும் கிட்டப் போய்க் கள் வாடை அடிக்கிறதா என்று வாயை மணந்து பார்த்து, பிறகுதான் ஒரு முடிவுக்கு வந்தவ.

எல்லாம் கால் செய்த வேலை. யாராவது பின்னால் நின்று திடீரென்று கூப்பிட்டால், அல்லது குந்தியிருந்தவர் சட்டென்று எழும்பி ஓடப்போனால், இரண்டு காலும் அவரிடம் கேட்காமல் தங்கள் பாட்டில் போகத் தொடங்கிவிடும். கை ஆடும். நாக்குத் தடித்து, "ஒண்டுமில்லை" என்ற சொல் "ஒண்டுமிய்ய" என்று வெளியே வரும். இரண்டு நிமிடம், மிஞ்சினால் ஐந்து நிமிடம். அதற்குப் பிறகு பழையபடி நல்ல மனிதர். ஒரு நாளைக்கு நாலைந்து தரம் இப்படி வரும்.

இதற்கு அவர் கண்டுபிடித்திருந்த மருந்து, உடனே நிலத்தில் குந்திவிடுவது. ஏன் குந்தினீர் என்று கேட்டால், "ஒரு நட் விழுந்திட்டுது" என்பார். இல்லாத நட்டை நாற்பது வருடமாகத் தேடிய மனிதர் இந்தத் தீவுகளில் வேறு ஒருவரும் இருக்க முடியாது. சில வேளை இரக்கமுள்ளவர்கள் தாங்களும் குந்தித் தேடுவார்கள். ஒருமுறை, அனலைதீவில் மீன்பிடிப் போட்டுகள் வைத்திருந்த சம்மாட்டி ஒருவர் உண்மையிலேயே ஒரு நட்டை மண்ணிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் பஸ்ரியாம்பிள்ளை பெரிதாக நன்றி சொன்னார்.

முதல் பெரிய மானக்கேடு பத்தொன்பது வயதில் நடந்தது. அந்தோனியார் திருநாளன்று அவருடைய சுருவச் சிலை வைத்த கூட்டை நாலு பேர் தோளில் சுமந்து வந்தார்கள். இவர் முன்வலப் பக்கம். கோயில் முகப்பில் யாரோ சீனவெடியைக் கொளுத்திப் போட, இவருடைய கால் இரண்டும் வேலி ஓரமாக நடையைக் கட்டின. மற்ற மூன்று பேரும் நேராகத்தான் போனார்கள். ஆனால் கூடு ஒன்றுதானே! அந்தோனியார் ஒரு பக்கம் சரிந்து, சனம் "ஐயோ" என்று கத்த, பெரியவர்கள் பாய்ந்து பிடித்தார்கள். "சவிரிமுத்துவின்ர மகன்தானே, தகப்பனைப் போல ஏத்திப்போட்டு வந்திட்டான்" என்று யாரோ சொன்னது அவருடைய காதிலும் விழுந்தது.

மறுத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் என்னவென்று சொல்வது? வெடிச்சத்தத்துக்குக் கால் நடுங்கிவிட்டது என்றால் தொடைநடுங்கி என்பார்கள். தான் பிறவிப் பயந்தாங்கொள்ளி என்றே அவரும் முடிவு கட்டியிருந்தார். பயந்தவன் என்ற பேரைவிட வெறிகாரன் என்ற பேர் ஆம்பிளைக்கு எவ்வளவோ மேல் என்று பத்தொன்பது வயது மூளைக்குப் பட்டது. அந்தக் கெட்டித்தனமான முடிவை அடுத்த நாற்பது வருடமும் அவர் மாற்றவில்லை.

அந்தப் பேரால் ஒரு தரம் உயிரும் தப்பியது. தொண்ணூற்றேழில், இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்தில் இருந்த காலம். சோதனைச்சாவடியில் ஒரு ஆமிக்காரன் பின்னாலிருந்து அதட்ட, இவர் அங்கேயே ஆடத் தொடங்கிவிட்டார். துவக்குகள் நிமிர்ந்தன. அடையாள அட்டையைக் கேட்டால் நாக்கு எழும்பவில்லை. மூத்த ஆமிக்காரன் ஒருவன் கிட்ட வந்து ஏற இறங்கப் பார்த்து, சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்து, போ என்று கையைக் காட்டினான். வாயை மணந்து பார்த்திருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். மேரிஜோசப்பினுக்கு இருந்த கவனம் அவனுக்கு இருக்கவில்லை.

ஊர் திரும்பிச் சில வருடத்தில், பங்குக் குருவாக வந்த சுவாமி ஒருவர் மதுவிலக்குச் சங்கம் தொடங்கினார். திருந்த வேண்டியவர்களின் பட்டியலில் முதல் பேர் பஸ்ரியாம்பிள்ளை. சுவாமி கொட்டிலுக்கே வந்து கையைப் பிடித்து, "நீர் மனம் வைச்சால் ஏலும்" என்று கெஞ்சினார். சுவாமியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, நான் குடிக்கிறதேயில்லை என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. சங்கத்தில் சேர்ந்தார். சேர்ந்த ஆட்களில் காலமையிலும் கை நடுங்காமல் எழுதக்கூடிய ஒரே ஆள் இவர்தான் என்பதால் செயலாளராகவும் ஆனார். மேடையில் அறிக்கை வாசிக்கும்போது யாராவது ஒலிவாங்கியைத் தட்டினால் போதும், செயலாளர் ஆடுவார், சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். சங்கக் கூட்டத்துக்கு ஆள் சேர்ந்ததே அதற்காகத்தான் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

தன்னைப் பற்றிய பகிடி என்றால் ஊருக்கு முதல் அவரே சொல்லிவிடுவார். அதில் ஒரு சுகம் இருந்தது. அந்தச் சுகம் மகள் மேர்சியால் முடிந்தது.

மேர்சிக்கு இருபத்தாறு வயது. விஞ்ஞான ஆசிரியை. முதல் நியமனம் அனலைதீவில் கிடைத்து, தினமும் காலமை போட்டில் போய்வந்தாள். சின்ன வயதிலேயே அவள் பென்சில் பிடிக்கும்போது விரல்களின் தோலுக்குக் கீழே ஏதோ நெளிவது போல் இருக்கும். பஸ்ரியாம்பிள்ளை கண்டவர்தான். தன்னுடைய விரலிலும் அதே நெளிவு இருந்தது. "குளிருக்கு" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். ஊர்காவற்றுறையில் எந்தக் குளிர் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மாதம். காலைப் பிரார்த்தனையில் மேர்சி கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்க, அவளுக்குப் பின்னால் யாரோ பெரிய கைமணியை அடித்துவிட்டார்கள். அவள் தள்ளாடி, விழாமல் இருக்கக் கையில் அகப்பட்டதைப் பிடித்தாள். அகப்பட்டது கொடிக்கயிறு. பிள்ளைகள் கீதம் பாடப் பாடக் கொடி கீழே இறங்கியது.

அடுத்த நாள் இறங்குதுறையில் ஒரு போட்டின் எஞ்சினைக் கழற்றிக்கொண்டு குந்தியிருந்தார் பஸ்ரியாம்பிள்ளை. அனலைதீவுப் போட்டால் இறங்கி வந்த இரண்டு பெண்கள் அவர் இருப்பதைக் காணாமல் கதைத்துப்போனார்கள்.

"புது ரீச்சர் காலமையே தண்ணியாம்."

"ஆற்றை பிள்ளை அது? பஸ்ரியான்ரை. பிறகென்ன!"

வழக்கமாக இந்த இடத்தில் அவர் ஒரு பகிடி விட்டிருப்பார். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. கோபம்தான் வந்தது. கையிலிருந்த நட் கழற்றுகிற சாவியை எறிந்துவிட்டுப் பாய்ந்து எழும்பினார். பாய்ந்து எழும்பக்கூடாது என்பதைக் கோபம் மறக்கடித்துவிட்டது. நாலு அடி வைப்பதற்குள் கால் பின்னி, ஒரு மீன்பெட்டியில் முட்டி, கையை விரித்துக்கொண்டு அந்தப் பெண்களுக்கு முன்னால் போய் நின்று ஆடினார்.

"என்ர மகள் குயிக்கிறேய்ய!" என்றார். "எங்கட குயும்பத்தில ஒயுத்தரும் குயிக்கிறேய்ய!"

பெண்கள் முகத்தைச் சுளித்து ஒதுங்கிப் போனார்கள். துறையில் நின்ற அவ்வளவு பேரும் பார்த்தார்கள். மகளுக்காக அவர் சொன்ன சாட்சி இந்த இலட்சணத்தில் முடிந்தது. அவர் மீன்பெட்டியைப் பிடித்தபடி குந்தினார். என்ன விழுந்தது என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.

பின்னேரம் மேர்சி வந்தாள். துறையில் நடந்த கதை போட்டில் ஏறி அனலைதீவுக்கே போய் அவளையும் எட்டியிருந்தது.

"அப்பா, நாளைக்கு யாழ்ப்பாணம் போறம். நரம்பு கிளினிக்குக்கு."

"உன்னைக் கூட்டிக்கொண்டு போறன் பிள்ளை. எனக்கென்னத்துக்கு? எனக்கு இது பயத்தால வாறது."

"எனக்கும் அதேதான் வருது. நான் பயந்தனானா?"

கடல் கொந்தளிக்கிற நாளிலும் போட்டின் முன் அணியத்தில் நின்று போகிறவள் அவள்.

கிளினிக்கில் இருந்த டொக்டர் கோசலா மேர்சியைவிட நாலைந்து வயதுதான் மூப்பு. நோயாளி மேர்சி என்று கூட்டி வந்திருக்க, டொக்டரின் கண் தகப்பனின் இமையில் நின்றது.

"ஐயா, கண்ணுக்குக் கீழ துடிக்கிறது எப்ப தொடக்கம்?"

"அதுவோ? அது பிறந்த நாள் தொடக்கம். ஊரில நான் பொம்பிளைப் பிள்ளையளுக்குக் கண்ணடிக்கிறனெண்டும் ஒரு பேர் இருக்கு, டொக்டர்."

டொக்டர் சிரித்துவிட்டு, அந்த ஆட்டத்தைத் தனக்கு ஒருமுறை காட்டமுடியுமா என்று கேட்டா. படியில் ஓடி ஏறச் சொன்னா. பஸ்ரியாம்பிள்ளை பெருமையோடு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். ஒன்றுமே வரவில்லை. நாற்பது வருடம் கேட்காமல் வந்த சனியன், கேட்டபோது வர மறுத்தது. டொக்டர் பின்னால் வந்து கையைத் தட்டினா. அதற்கும் அசையவில்லை. தான் பொய்க்காரன் என்று நினைக்கப்போகிறார்களே என்று வியர்த்துக்கொட்டியபடி அவர் கதிரையில் அமரப்போன நேரம், வாசலில் சிற்றூழியர் ஒருவரின் கையிலிருந்து மருந்துத் தட்டம் விழுந்து சிமெந்துத் தரையில் உருண்டது. பஸ்ரியாம்பிள்ளை கதிரையைத் தவறவிட்டு, மேசையைத் தவறவிட்டு, டொக்டரின் கையில் போய் நின்றார்.

"வந்தித்து," என்றார் சந்தோஷமாக.

இரண்டு பேரின் இரத்தமும் வெளிநாட்டுக்குப் போனது. மறுமொழி வர நாலு மாதம் எடுத்தது. வந்தபோது டொக்டர் கோசலா இருவரையும் முன்னால் இருத்தி, ஒரு தாளில் வட்டமாக ஒரு வாசலைக் கீறினா.

"நரம்பு ஒரு செய்தியை அனுப்பினால், உடன அடங்கவேணும். அடங்கிறதுக்கு உள்ளுக்கிருக்கிற பொற்றாசியம் வெளியால போகவேணும். அதுக்கெண்டு நரம்பில சின்னச் சின்ன வாசல்கள் இருக்கு. உங்கட வாசல்கள் நேரத்துக்கு ஒழுங்காத் திறக்குதில்லை."

"நிப்பாட்டின பிறகும் ஓடுற எஞ்சின்."

"ஓம், அப்பிடித்தான். அதுதான் விரல் துடிக்கிறது. சிறுமூளையில அது நடந்தால் நடை குழம்புது."

பிறகு அந்த வட்டத்தை நாலு துண்டாகப் பிரித்தா. வாசல் ஒன்று நாலு துண்டு சேர்ந்து ஆனது. அந்தத் துண்டைச் செய்யச் சொல்லிக் கொடுக்கிற பரம்பரை அலகு தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று வரும். இவர்களுக்கு இரண்டில் ஒன்று பழுது.

"அப்ப பாதி வாசல் நல்லம், பாதி வாசல் பழுது," என்றார் பஸ்ரியாம்பிள்ளை. பாதி என்பது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

"இல்லை அப்பா," என்றாள் மேர்சி. அவள் ஏற்கெனவே கொப்பியின் ஓரத்தில் கணக்குப் போட்டுவிட்டாள். "பாதித் துண்டுதான் பழுது. ஆனா நாலு துண்டும் கலந்து சேருது. நாலும் நல்லதா அமையிற வாசல் பதினாறில ஒண்டுதான்."

"ஒரு பழுதுத் துண்டு இருந்தாலே வாசல் குழம்புமோ?"

"குழம்பும்," என்றா டொக்டர். "மற்ற மூண்டும் நல்லதா இருந்தாலும்."

அவருக்கு அந்தோனியார் கூடு நினைவுக்கு வந்தது. மற்ற மூன்று பேரும் நேராகத்தான் போனார்கள். அதை அவர் அங்கே சொல்லவில்லை. "எங்கட சங்கத்துக் கமிற்றி மாதிரி" என்று மட்டும் சொன்னார்.

"ஆனா முழுக்கக் கெட்டுப்போகேல்லை, ஐயா. மூளையில இந்தத் துண்டு தன்ர இனத்தோட மட்டும் சேர்றதில்லை. இதுக்கு ஒண்டுவிட்ட சகோதரங்கள் மாதிரி வேற துண்டுகளும் இருக்கு. அதுகளோடயும் கலந்து நாலாகும். ஒரு இடத்தில இது ரெண்டு, அது ரெண்டு. வேற இடத்தில ஒண்டும் மூண்டும். மூளையில இடத்துக்கிடம் கலவை வேற. பழுதுத் துண்டு சொந்தக்காரரையும் கொஞ்சம் கெடுக்கும். சொந்தக்காரரும் அதைக் கொஞ்சம் தாங்குவினம்."

"அப்ப ஏன் எந்த நேரமும் ஆடாமல் திடுக்கிட்டால் மட்டும் ஆடுறம்?" என்று மேர்சி கேட்டாள்.

"அது முழுசா இன்னும் ஒருத்தருக்கும் விளங்கேல்லை," என்றா டொக்டர் கோசலா. தெரியாததைத் தெரியாது என்று ஒரு டொக்டர் சொல்லக் கேட்டது அவருக்கு அதுதான் முதல் தரம்.

மாத்திரை எழுதித் தந்துவிட்டு, டொக்டர் கடைசியாக ஒன்று கேட்டா. "இது பரம்பரையா வாறது. உங்கட அப்பா, அம்மா ஆருக்கும் இப்பிடி இருந்ததா?"

"அப்பர் ஆடுறவர்தான். ஆனா அவர் குடிகாரன்," என்று சொன்னவர், மகளைத் திரும்பிப் பார்த்தார்.

பஸ்ஸில் பண்ணைப் பாலம் தாண்டும்போது மாத்திரைச் சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு மகளிடம், "உனக்கு நான் தந்த சீதனத்தைப் பார்த்தியே" என்றார். பகிடியாகச் சொல்லத்தான் நினைத்தார்.

"மூக்கும் நீங்கள் தந்ததுதான். அதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லையே," என்றாள் மேர்சி, கடலைப் பார்த்தபடி.

அவருடைய மனதில் சவிரிமுத்து நின்றார். தகப்பன் என்று சொல்லவே மகன் வெட்கப்பட்ட மனிதர். தகப்பனைப் போல வரக்கூடாது என்றுதான் பஸ்ரியாம்பிள்ளை கள்ளைத் தொடாமல் விட்டது. தனக்கு இருபத்துநாலு வயதாயிருக்கையில் ஈரல் பழுதாகி அப்பர் செத்தபோது, செத்தவீட்டில் மனம் விட்டு அழவும் இல்லை. இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. காலமை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த அப்பர், குசினிக்குள் சட்டி விழுந்த சத்தத்துக்கு எழும்பித் தள்ளாடியது. அம்மா "விடியமுன்னமேயோ" என்று திட்டியது. அப்பரின் வாயை யாராவது மணந்து பார்த்தார்களா?

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்த கையோடு வேலணைக்குப் போனார். அங்கே கனகசபை இருந்தார். எழுபதுகளில் ஊர்காவற்றுறைத் தவறணையில் கள் அளந்து கொடுத்தவர். எண்பத்தாறு வயதிலும் கண்ணாடி இல்லாமல் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, எங்கட அப்பர் உண்மையில குடிச்சவரோ?"

கனகசபை பேப்பரை மடித்தார். "நல்லாக் குடிப்பான்."

பஸ்ரியாம்பிள்ளைக்கு முகம் விழுந்துவிட்டது. அப்பர் ஒரு சொட்டும் தொடாத புனிதர், ஊர்தான் பழி போட்டது என்று பஸ்ஸில் வரும்போதே மனதுக்குள் பாதிக் கதை எழுதி முடித்திருந்தார்.

"ஆனா முதலில குடிக்கேல்லை," என்றார் கனகசபை. "கலியாணத்துக்குப் பிறகும் கனகாலம் தவறணைப் பக்கமே வந்ததில்லை. அவன்ர நடையைப் பார்த்திட்டு ஊர்தான் வெறிகாரன் எண்டது. சம்மாட்டியும் போட்டில ஏத்தாமல் விட்டான். ஒரு நாள் மத்தியானம் வந்து நிண்டான். என்ன சவிரி, வழி தவறி வந்தனியோ எண்டு கேட்டனான். 'குடியாமலே வெறிகாரன் எண்டுறாங்கள், கனகசபை. பேரை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கிறதே? ஊத்தும்' எண்டான். ஊத்தினனான். நான்தான் ஊத்தினனான்."

தகப்பனும் தானும் ஒரே பேரைச் சுமந்தவர்கள், அப்பர் அதற்கு ஏற்ற மாதிரி வாழ்ந்து காட்டினார், தான் அதை வைத்துப் பகிடி விட்டார் என்று பஸ்ரியாம்பிள்ளை நினைத்தார். தான் பெரிய தியாகி என்று இத்தனை வருடம் எண்ணியிருந்தது கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

மாத்திரை வேலை செய்தது. நாளுக்கு நாலைந்தாக வந்தது கிழமைக்கு ஒன்றாகக் குறைந்தது. மேர்சிக்கு அதிலும் குறைவு. விரல் நுனி எறும்பு ஊர்வது போல் விறுவிறுத்தது, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க ஏலாதது சோடா. அவருடைய வாழ்க்கையில் இருந்த ஒரே ஆடம்பரம் பின்னேரத்தில் ஒரு போத்தல் நெல்லிச் சோடா. மாத்திரை தொடங்கிய பிறகு எந்தச் சோடாவும் துருப்பிடித்த தகரத்தை நக்கியது போல் இருந்தது. மதுவிலக்குச் சங்கச் செயலாளர் உலகத்தில் குடிக்கக்கூடிய கடைசிப் பானத்தையும் இழந்தார்.

மேர்சி பெற்றார் கூட்டத்தில் தானே எழும்பி, கரும்பலகையில் நாலு துண்டு வாசலைக் கீறி விளங்கப்படுத்தினாள். சிலருக்கு விளங்கியது. விளங்காதவர்களும், இவ்வளவு வடிவாகப் படம் கீறுகிற பிள்ளை வெறியில் நிற்க ஏலாது என்று ஒத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடக் கைமணி கொடிக்கம்பத்தை விட்டு அலுவலகப் பக்கம் போனது.

ஊர்காவற்றுறையில் நடந்ததுதான் வேறு. பஸ்ரியாம்பிள்ளை நேராக நடப்பதை ஊர் கவனித்தது. வழியில் கண்டவர்கள் கையைப் பிடித்தார்கள். "அண்ணை, விட்டிட்டியள்போல. நல்ல காரியம்." "இந்த வயதிலயும் மனுசன் திருந்தலாமெண்டு காட்டிப்போட்டியள்." பொற்றாசியம் என்று அவர் தொடங்கினால், "ஓமோம், என்னவோ ஒண்டு, விட்டாச் சரி" என்று போய்விட்டார்கள். கடைசியில் இப்போதைய சுவாமியும் வந்தார். சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், குடியை வென்ற மனிதராக அவர் சாட்சி சொல்லவேண்டுமாம்.

அவர் ஒத்துக்கொண்டார். கோயில் மண்டபம் நிறைந்திருந்தது. வெறிக்குட்டி திருந்தினதைப் பார்க்க எழுவைதீவிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள்.

"நான் குடிச்சதில்லை," என்று தொடங்கினார். சிரிப்பு எழும்பியது. அவர் அது அடங்கும்வரை நின்றார். "என்ர அப்பர் சவிரிமுத்து குடிச்சவர். அவர் குடிச்சு ஆடினதில்லை. ஆடினதால குடிச்சவர். அதுக்கு நாங்கள் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் ஊத்திக் குடுத்திருக்கிறம். நானும்தான். பன்னிரண்டு வயதில, தெருவில தள்ளாடிக்கொண்டு வந்த மனுசனைக் கண்டு மதிலுக்குப் பின்னால ஒளிச்சனான். அண்டைக்கு அவர் குடிச்சிருந்தாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது. கிட்டப் போய்ப் பார்க்கேல்லை."

பின்னுக்கிருந்த ஒருவர் எழும்பி, தன்னுடைய மனுசிக்குத் தலைசுற்று இருக்கிறது, அவர் போடுகிற குளிசையின் பேர் என்ன என்று கேட்டார். சாட்சி அத்தோடு முடிந்தது. சுவாமி அவசரமாகச் செபம் சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. மேரிஜோசப்பின் நடந்தபடி சொன்னா: "இஞ்சேருங்கோ, முப்பது வருசத்தில மாமாவைப் பற்றி இண்டைக்குத்தான் வாய் திறந்திருக்கிறியள். நான் அந்த மனுசனைக் கண்டதேயில்லை. இன்னும் ஏதும் சொல்லுங்கோ."

பஸ்ரியாம்பிள்ளை யோசித்தார். பிறகு, ஒரு பெரிய கிழமைக் கூத்தில் அப்பருக்கு உரோமைச் சேவகன் வேடம் கொடுத்த கதையைச் சொன்னார். யேசுவின் கல்லறை திறக்கிற காட்சியில் மேளகாரன் பிழைவிட்டு முன்னமே ஓங்கி அடித்துவிட, அப்பர் ஈட்டியும் கையுமாக மேடை முழுக்கத் தள்ளாடி, மற்றச் சேவகன் மேல் விழுந்து, இருவரும் சேர்ந்து கல்லறைக்குள் உருண்டார்கள். உள்ளே உயிர்த்தெழக் காத்திருந்தவர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னது முன்வரிசை வரைக்கும் கேட்டது. சனம் எழும்பி நின்று கை தட்டியது. அடுத்த வருடமும் அந்த வேடம் சவிரிமுத்துவுக்குத்தான் என்று கூத்துப் பழக்கிய அண்ணாவியார் அன்றைக்கே சொல்லிவிட்டார்.

மேரிஜோசப்பின் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. "பிறகு? அடுத்த வருசமும் ஆடினவரோ?"

"எங்க! அடுத்த வருசம் மேளகாரனைப் பார்த்துக்கொண்டே நிண்டவராம். ஒண்டும் வரேல்லை. சும்மா நடிச்சவர். நல்லாயிருக்கேல்லை எண்டு ஊர் சொல்லிப்போட்டுது."